ஒலிவப் பழமும் இளஞ்சூட்டு எண்ணெயும்

ஒலிவப் பழத்தை மரத்திலிருந்து பறித்து அப்படியே கடித்துப் பார்த்தவர் எவரும் அதை இரண்டாம் தடவை செய்யத் துணிவதில்லை. நாக்கின் அடிவரை இறங்கி, வாய் கொப்பளித்த பின்னும் நீங்காமல் வெகுநேரம் தங்கிவிடும் கசப்பு அது. ஆயினும், மத்தியதரைக் கடலைச் சூழ்ந்த தேசங்களில் எழுத்து தோன்றுவதற்கு முன்பிருந்தே மனிதன் போற்றி வளர்த்து வந்த மரங்களில் ஒலிவமும் ஒன்று. இன்றைக்கும் அந்நாடுகளில் அதிதிகள் வந்து அமர்ந்தபின், பிரதான உணவு பரிமாறப்படும்வரை உள்ள இடைவேளையில், முதலில் மேஜைக்கு வருவது பெரும்பாலும் இந்தப் பழமே. அதை எலுமிச்சைத் தோல், பூண்டு, ரோஸ்மேரி, மிளகாய் முதலியவற்றோடு எண்ணெயில் இளஞ்சூடாக்கி, ஆழமற்ற கிண்ணத்தில் ஆவி மணக்க வைப்பது மேலைநாட்டு வீடுகளிலும் உணவகங்களிலும் பெருவழக்காகியிருக்கிறது. பத்து நிமிஷ வேலை. சமையல் தெரியாதவரும் செய்யலாம். ஆனால் அந்தப் பத்து நிமிஷத்தில் அடுப்பும் எண்ணெயும் சேர்ந்து எதைச் சாதிக்கின்றன, எதைச் சாதிப்பதில்லை என்று ஆராய்ந்தால், மசாலையெல்லாம் பழத்துக்குள் ஊறிவிடுகிறது என்ற பொதுவான நம்பிக்கை பெரும்பாலும் பிழையென்று தெரியவரும்.

முதலில் பழத்தின் ஸ்வபாவத்தைக் கவனிப்போம். தாவர சாஸ்திரிகள் ஒலிவத்தை மல்லிகையின் குடும்பத்தில் சேர்த்திருக்கிறார்கள்; கனியின் அமைப்பிலோ, நடுவில் ஒரே கொட்டையும் சுற்றிலும் சதையுமாக, அது மாங்கனியையும் பீச்சையும் ஒத்தது. அந்த ஒற்றுமை தோற்றத்தோடு நின்றுவிடுகிறது. இவ்வகைக் கனிகள் பொதுவாக 12 சதவீதமும் அதற்கு மேலும் சர்க்கரையைச் சேமிக்க, ஒலிவம் 2.6 முதல் 6 சதவீதம் வரையில் மட்டுமே வைத்துக்கொண்டு, அதற்குப் பதிலாக ரகத்தைப் பொறுத்து 12 முதல் 30 சதவீதம் வரை எண்ணெயைத் தன் சதையில் நிரப்பிக்கொள்கிறது. கசப்புக்குக் காரணம் ஓலியூரோபின் என்னும் பதார்த்தம். இது குளுக்கோஸ் சர்க்கரையோடு பிணைந்த ஒரு பீனால் கூட்டுப்பொருள்; மரத்தின் தற்காப்பு ஆயுதங்களில் ஒன்று. திசு முழுமையாக இருக்கும்வரை இதுவும், இதைப் பிளக்கவல்ல நொதியும் உயிரணுவுக்குள் தனித்தனி அறைகளில் ஒன்றையொன்று தீண்டாமல் இருக்கின்றன. புழு கடித்து அறைகள் உடைந்த கணத்தில் இரண்டும் கலந்து, புரதங்களைப் பற்றிப் பிணைக்கும் புதிய பொருள்களாகிக் கடித்த பிராணியின் ஜீரணத்தைக் கெடுக்கின்றன. மனிதன் இந்தப் பழத்தை உண்ணக் கற்றதெல்லாம், அந்த ஆயுதத்தைப் பழுதாக்கக் கற்றதே.

அதற்கு அவன் கண்ட வழிகளில் வேகமானது ஸ்பெயின் தேசத்து ஸெவில் நகரின் பெயரால் வழங்கும் முறை. செப்டம்பர், அக்டோபர் மாதங்களில், மன்ஸானில்யா, கோர்தால் முதலிய ரகங்களின் காய் பசுமை மாறி வெளிறத் தொடங்கும் சமயத்தில், அடிபடாமல் இருப்பதற்காகக் கையாலேயே பறித்து, 2 அல்லது 3 சதவீத காஸ்டிக் சோடாக் கரைசலில் மூழ்கவைக்கிறார்கள். காரம் தோலைத் துளைத்து உள்ளே நகர்ந்து செல்ல, ஓலியூரோபின் துண்டாகிக் கசப்பை இழக்கிறது. வேலை தெரிந்தவர் மணிக்கொரு தடவை ஒரு காயை எடுத்துக் கத்தியால் கொட்டைவரை குறுக்கே வெட்டிப் பார்ப்பார். காரம் சென்ற தூரம்வரை சதை நிறம் மாறி ஒரு வளையமாகத் தெரியும். அந்த வளையம் சதையின் மூன்றில் இரண்டு பங்கையோ நான்கில் மூன்று பங்கையோ எட்டியதும் காரத்தை வடித்துவிடுவார். கொட்டையை ஒட்டிய சதையில் கொஞ்சம் கசப்பும் கொஞ்சம் சர்க்கரையும் மிஞ்சியிருப்பதே உத்தமம் என்பது தொழில் அறிந்தவர்களின் தீர்ப்பு. பிறகு பலமுறை கழுவி, ஏறத்தாழ 10 சதவீத உப்புநீரில் இடுகிறார்கள். அங்கே லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் மிஞ்சிய சர்க்கரையை உண்டு அமிலத்தைப் பெருக்குகின்றன. அவற்றில் முதன்மையானதை லாக்டோபாசிலஸ் பிளாண்டாரம் என்று நெடுங்காலம் அழைத்துவந்த விஞ்ஞானிகள் 2020-ஆம் ஆண்டில் அதற்கு வேறு குலப்பெயர் சூட்டினார்கள், பாக்டீரியா அதைப் பொருட்படுத்தாமல் தன் வேலையைச் செய்கிறது. நீரின் பி.ஹெச். அளவு 4-ஐ நெருங்கும்போது, கேடு விளைவிக்கும் நுண்ணுயிர்கள் அதில் தலையெடுக்க முடியாமற்போகிறது. இலைப்பச்சை என்னும் குளோரோபில் தன் மக்னீஸியத்தை அமிலத்துக்குப் பறிகொடுத்து மங்கிப் பழுப்புக் கலந்த பசுமையாவதும் இந்தக் கட்டத்தில்தான்.

கிரேக்கர்கள் காரத்தை நம்பாமல் காலத்தை நம்புகிறார்கள். மரத்திலேயே கறுத்து முதிர்ந்த பழத்தை நேராக உப்புநீரில் போட்டு, கசப்பு தானாகவே நீரில் இறங்கிச் செல்லும்வரை மாதக்கணக்கில் காத்திருப்பது அவர்கள் வழக்கம். பெலொப்பொனீஸில் விளையும் கலமாட்டா ரகத்தைக் கீறி உப்புநீரிலும் திராட்சைக் காடியிலும் பதப்படுத்துவார்கள். அதன் கருஞ்சிவப்பு, நாவற்பழத் தோலிலும் உள்ள ஆந்தோசயனின் என்னும் நிறமியின் கொடை. அமெரிக்காவில் தகர டப்பாவில் வரும் மையிருட்டு நிறப் பழத்தின் கதை வேறு. 1890-களின் இறுதியில் கலிபோர்னியாவின் ஓரவில் ஊரில் ஃப்ரீடா எஹ்மன் என்னும் விதவை அம்மையார் தொடங்கிவைத்த தொழிலின் வழிவந்த அந்தப் பழம் பெரும்பாலும் பச்சையாகவே பறிக்கப்படுகிறது. காரநீரில் இருக்கும்போது காற்றைச் செலுத்தி அதன் பீனால்களைக் கறுக்கச் செய்து, அந்தக் கறுப்பு வெளுத்துவிடாதபடி இரும்பு உப்பு ஒன்றைச் சேர்க்கிறார்கள். அதில் புளிப்பு ஏறுவதில்லை, பி.ஹெச். நடுநிலையை ஒட்டியே நிற்கிறது. இந்த ஒரு விஷயத்தை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ளவேண்டும், பின்னால் தேவைப்படும்.

ஆக, விருந்தளிப்பவர் கடையிலிருந்து புட்டியை வாங்கி வந்து மூடியைத் திறக்கும்போது, பழத்துக்கு ஆகவேண்டிய காரியம் அனைத்தும் ஆகி முடிந்திருக்கிறது. அதன் மேல் வாசனை சேர்க்கும் எண்ணமும் புதியதன்று. கிறிஸ்து பிறப்பதற்கு இரண்டு நூற்றாண்டுகளுக்கு முன் வாழ்ந்த ரோமாபுரி கேட்டோ தம் விவசாய நூலில், கொட்டை நீக்கி நறுக்கிய ஒலிவத்தை எண்ணெய், காடி, கொத்தமல்லி, சீரகம், பெருஞ்சீரகம், அருவதா, புதினா ஆகியவற்றோடு சேர்த்து மண்பாண்டத்தில் அடைத்து வைக்கும் முறையைச் சொல்லியிருக்கிறார். நம் அஞ்சறைப் பெட்டியில் பாதி அந்தப் பட்டியலில் இருக்கிறது.

இனி அடுப்புக்கு வருவோம். இரண்டு கிண்ணம் பழத்துக்கு அரைக் கிண்ணம் எண்ணெய் போதும். ஒரே ரகமாக இல்லாமல் ஸிசிலியின் பளிச்சென்ற பச்சைக் காஸ்டல்வெட்ரானோவும் கலமாட்டாவும் கலந்திருந்தால் கண்ணுக்கும் நாவுக்கும் நல்லது. பழத்தை உப்புநீரிலிருந்து வடித்து, ஒரு தடவை அலசி, துணியில் பரப்பி ஈரம் போக ஒற்றியெடுக்கவேண்டும். இதைச் சோம்பலால் தவிர்ப்பவர்கள் உண்டு; அவர்களுடைய கிண்ணத்தில் எண்ணெய் பழத்தில் ஒட்டாமல் நழுவி, அடியில் உப்புநீரும் மேலே எண்ணெயுமாகப் பிரிந்து நிற்பதைக் காணலாம். ஆரஞ்சு அல்லது எலுமிச்சையின் தோலை, அடியிலுள்ள வெண்மையான பகுதி வராமல், மெல்லிய நாடாக்களாகச் சீவிக்கொள்ளவேண்டும். அந்த வெண்மையில் கசப்பும், மேலுள்ள நிறமான பகுதியின் நுண்ணிய சுரப்பிகளில் மணமும் குடியிருக்கின்றன. வாணலியில் எண்ணெய், நான்கைந்து பூண்டுப் பற்கள், தோல் நாடாக்கள், ஒரு கிளை ரோஸ்மேரி, கொஞ்சம் பெருஞ்சீரகம், கிள்ளிய ஒரு வற்றல் மிளகாய் எல்லாவற்றையும் குளிர்ந்த நிலையிலேயே சேர்த்து, மிகச் சிறிய தீயில் வைக்கவேண்டும். சில நிமிஷங்களில் பூண்டைச் சுற்றி ஊசிமுனை அளவில் குமிழிகள் கிளம்பும். அப்போது பழத்தைக் கொட்டிப் புரட்டி, அதன் உட்புறமும் சூடேறும்வரை ஐந்து நிமிஷம் விட்டு இறக்கிவிடலாம். புகை வந்தாலோ, பூண்டு பொன்னிறம் தாண்டினாலோ தீ அதிகம் என்று அர்த்தம்.

நம் வீட்டுத் தாளிதமும் வாசனையை எண்ணெயில் ஏற்றுவதுதான். ஆனால் கடுகு வெடிக்கும் அந்த உஷ்ணம் வேறு, இங்கே வேண்டிய 60, 70 டிகிரி வேறு. தாளிதத்தில் வெப்பம் புதிய மணங்களைச் சிருஷ்டிக்கிறது. வறுபடுதலும் கருகுதலும் அதன் பகுதி. ஒலிவக் கிண்ணத்தில் வெப்பத்துக்கு அந்த வேலை இல்லை. ஏற்கெனவே இருக்கும் மணங்களை அவை இருக்கும் இடத்திலிருந்து கிளப்பி, முதலில் எண்ணெய்க்கும், பிறகு எண்ணெயிலிருந்து மூக்குக்கும் கொண்டுசேர்ப்பதே அதன் முழு உத்தியோகம். எலுமிச்சைத் தோலின் லிமோனீன், ரோஸ்மேரியின் சினியோலும் கற்பூரமும், தைம் இலையின் தைமால், பெருஞ்சீரகத்தின் அனெத்தோல், மிளகாயின் காரமான கேப்ஸைசின் ஆகிய இவையெல்லாம் நீரை வெறுத்து எண்ணெயை நாடும் வஸ்துக்கள். தோலைக் கொதிநீரில் போட்டால் மணத்தில் பெரும்பகுதி ஆவியோடு அறைக்குள் பறந்துவிடும். எண்ணெயில் போட்டால் அது கரைந்து, பிடிபட்டு நிற்கும்.

பிடிபட்ட மணத்தை விடுவிப்பதற்குத்தான் இளஞ்சூடு. ஒரு திரவத்தின் ஆவி அழுத்தம் உஷ்ணத்தோடு சீராக உயர்வதில்லை. ஏறஏற வேகமாக உயர்கிறது. லிமோனீனை எடுத்துக்கொண்டால், அறையின் 25 டிகிரியில் அதற்கு உள்ள ஆவி அழுத்தம் 55 டிகிரியில் ஏறத்தாழ ஆறு மடங்காகிறது. உணவின் ருசி என்று நாம் எண்ணுவதில் பெரும்பங்கு நாக்குக்கு உரியதன்று. மெல்லும்போது தொண்டையின் பின்புறமாக ஏறி மூக்கின் உள்ளறையை அடையும் ஆவிக்கு உரியது. ஆகவே குளிர்பெட்டியிலிருந்து நேராக எடுத்துவைத்த ஒலிவம் வெறும் உப்பாகவும், அதே ஒலிவம் சூடானபின் பலவகை வாசனைகளின் தொகுப்பாகவும் தோன்றுவதற்குப் பழம் மாறியது காரணமல்ல. எண்ணெயின் நெகிழ்ச்சியும் இதற்குத் துணை செய்கிறது. 20 டிகிரியில் இருக்கும் பாகுத்தன்மை 60 டிகிரியில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்காகக் குறைவதால், சூடான எண்ணெய் மெல்லிய படலமாகப் பரவி, பழத்தின் சுருக்கங்களிலும் காம்பு நீங்கிய குழியிலும் புகுந்து, வாய்க்குள் சென்றதும் நாக்கெங்கும் விரைந்து படர்கிறது.

அப்படியானால் பழத்துக்குள் எதுவுமே செல்வதில்லையா என்று கேட்கலாம். செல்கிறது, ஆனால் நாம் நினைக்கும் வேகத்தில் அல்ல. ஒலிவத்தின் தோல் மெழுகுப் பூச்சுடையது. சதையோ உப்புநீர் நிறைந்தது. எண்ணெய் அங்கே எளிதில் நுழைய முடியாது. நீரில் கரையக்கூடிய உப்பும் அமிலமும்கூட பரவல் என்னும் விதிக்குக் கட்டுப்பட்டே நகர்கின்றன. அந்த விதியின்படி தூரம் இரட்டித்தால் காலம் நான்கு மடங்காகிறது: தடையற்ற மென்சதையில் உப்பு ஒரு மில்லிமீட்டர் செல்லச் சுமார் கால் மணி பிடிக்குமானால், ஐந்து மில்லிமீட்டர் செல்ல ஆறு ஏழு மணி ஆகும்; தோலின் தடையைச் சேர்த்தால் இன்னும் அதிகம். உப்பினும் பெரிய மூலக்கூறுகள் இன்னும் மந்தமாகவே நடக்கும். ஆக, பத்து நிமிஷம் சூடான எண்ணெயில் கிடந்த பழம் உள்ளே முன்பிருந்தபடியே இருக்கிறது. அதிதி ருசிப்பது பழத்தையும் அதன் மேலுள்ள எண்ணெய்ப் போர்வையையும் ஒருசேர.

ஆண்டலூசியாவின் கிராமத்துப் பெண்கள் பரவல் விதியைப் படிக்காமலே இதை அறிந்திருந்தார்கள். வீட்டு உபயோகத்துக்கான காயை அவர்கள் முழுதாக விடுவதில்லை. கல்லாலோ மரச்சுத்தியாலோ ஒரு தட்டுத் தட்டிப் பிளந்தோ, கத்தியால் கீறியோ, நாள்தோறும் நீரை மாற்றிக் கசப்பை இறக்கி, பிறகு பூண்டு, தைம், பெருஞ்சீரகத் தண்டு, ஸெவில் நகரின் பெயரால் வழங்கும் புளிப்பு ஆரஞ்சு முதலியவற்றோடு உப்புநீரில் ஊறவிடுகிறார்கள். பிளவு, தோலின் தடையை நீக்குகிறது, தூரத்தையும் குறைக்கிறது. அவ்வளவு பொறுமை இல்லாதவர் புட்டிப் பழத்தையே கத்தியின் பக்கவாட்டால் மெல்ல அழுத்தி விரிசல் விடச்செய்தால் ஓரளவு பலன் கிடைக்கும். கொட்டை நீக்கி விற்கப்படும் பழத்தை இதற்கு நான் சிபாரிசு செய்வதில்லை. உள்குழியில் எண்ணெய் தங்குவது லாபம்தான். ஆனால் அதன் சதை உப்புநீரில் இருபுறமும் ஊறித் தளர்ந்துபோய், சூடானபின் பல்லுக்கு எதிர்ப்பே இல்லாமல் குழைகிறது. கலிபோர்னியாவின் டப்பாப் பழமும் அவ்வாறே. புளிப்பில்லாத பதார்த்தத்தை எண்ணெயில் எவ்வளவு அலங்கரித்தாலும் அது எடுப்பாக இராது.

பூண்டைப் பற்றித் தனியே சொல்லவேண்டும். முழுப் பூண்டுப் பல்லுக்கு நெடியில்லை. நெடிக்கு மூலமான அல்லீனும் அதை மாற்றும் அல்லினேஸ் என்னும் நொதியும், ஒலிவத்தின் ஆயுதத்தைப் போலவே, தனித்தனியாக இருக்கின்றன. நசுக்கினால் இரண்டும் கலந்து அல்லிசின் பிறக்கிறது. இதை 1944-இல் காவலீட்டோ, பெய்லி என்ற இரு அமெரிக்க ரசாயன அறிஞர்கள் பிரித்தெடுத்துக் காட்டினார்கள். நொதி வெப்பத்தில் செயலிழந்துவிடுவதால், நசுக்காத பல்லை நேராகச் சூடான எண்ணெயில் இட்டவருக்கு இனிப்பான சாந்தமான பூண்டும், நசுக்கிச் சில நிமிஷம் காத்திருந்து இட்டவருக்கு உறைப்பான பூண்டும் கிடைக்கும். எது வேண்டுமென்பது விருந்தாளிகளைப் பொறுத்தது. எலுமிச்சைச் சாறு அல்லது காடி சேர்ப்பதாயின், இறக்கியபின் சேர்ப்பதே முறை. காடியின் அசெட்டிக் அமிலம் சூட்டில் பறந்து, கிளறுபவர் கண்ணை எரிக்குமேயன்றிக் கிண்ணத்தில் தங்காது.

இந்தச் சுலபமான பதார்த்தத்தில் ஓர் ஆபத்து ஒளிந்திருக்கிறது; அதுவும் பூண்டோடு சம்பந்தப்பட்டது. கிளாஸ்ட்ரிடியம் பொட்டுலினம் என்னும் பாக்டீரியாவின் வித்துக்கள் மண்ணில் எங்கும் உள்ளன. மண்ணுக்குள் விளையும் பூண்டில் அவை ஒட்டியிருப்பது இயல்பு. கொதிக்கும் நீரின் உஷ்ணத்தைத் தாங்கும் அந்த வித்துக்கள், காற்று புகாத, பி.ஹெச். 4.6-க்கு மேற்பட்ட, ஈரமுள்ள இடம் கிடைத்தால் முளைத்துப் பெருகி, நரம்புகளை முடக்கும் கொடிய நஞ்சை உண்டாக்குகின்றன. எண்ணெயில் மூழ்கிய பூண்டுப் பல்லைவிட அதற்கு உகந்த வீடு வேறு கிடைப்பது அரிது. 1985-இல் கனடாவின் வான்கூவர் நகரில், எண்ணெயிலிட்ட நறுக்கிய பூண்டைக் குளிர்பெட்டியில் வைக்காமல் உபயோகித்த ஓர் உணவகத்தின் மூலம் 36 பேர் இந்த நஞ்சுக்கு இரையாகி நோயுற்றார்கள். ஒலிவத்துக்கும் இதில் ஒரு சோகமான பங்கு உண்டு: 1919-இல் அமெரிக்காவின் ஒஹாயோ மாகாணத்துக் காண்டன் நகரருகே நடந்த ஒரு விருந்தில், புட்டியிலடைத்த கலிபோர்னியக் கறுப்பு ஒலிவத்தை உண்டவர்களில் ஏழு பேர் மாண்டுபோனார்கள். மேலே நான் நினைவில் வைத்துக்கொள்ளச் சொன்ன நடுநிலை பி.ஹெச். அங்கே எமனாயிற்று. அதன்பின்னரே அவ்வகைப் பழத்தை 116 டிகிரி உஷ்ணத்தில் 40 நிமிஷம் வைத்துக் கிருமி நீக்கவேண்டும் என்ற விதி கலிபோர்னியாவில் வந்தது. உப்புநீரில் புளித்த ஒலிவத்துக்கு அதன் அமிலமே காவல். ஆனால் அந்தக் காவல் பக்கத்தில் மிதக்கும் பூண்டுப் பல்லின் உட்புறத்துக்கு எட்டாது.

ஆகையால் பூண்டு சேர்த்த ஒலிவத்தை அன்றே உண்டுவிடவேண்டும். மிஞ்சினால் இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்பெட்டிக்கு மாற்றி, நான்கு நாட்களுக்குள் தீர்க்கவேண்டும். மேஜையோரத்தில் அலங்காரமாகப் பூண்டெண்ணெய்ப் புட்டி வைத்திருப்பவர்களின் ரசனையை மெச்சலாம், பழக்கத்தை மெச்ச முடியாது. குளிரில் எண்ணெய் வெண்மையாக உறைந்து திரிதிரியாகத் தோன்றுவதைக் கண்டு கெட்டுவிட்டதென்று கொட்டிவிடவேண்டாம். அதன் நிறைவுற்ற கொழுப்பும் மெழுகும் முதலில் கட்டிப்படுவதால் ஏற்படும் தோற்றம் அது, சூடு பட்டதும் தெளிந்துவிடும்.

மறுநாள் அந்த மிச்சத்தைச் சூடாக்கி உண்பவர்கள், முதல் நாளைவிட ருசி கூடியிருப்பதாகச் சொல்வதுண்டு. மேலே சொன்ன கணக்கின்படி அது நியாயமே. ஓர் இரவு முழுவதும் கிடைத்ததால், மந்தமாக நடக்கும் மூலக்கூறுகளுக்கும் சதைக்குள் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் போக அவகாசம் இருந்தது. எனவே விருந்து நாளை என்று முன்கூட்டியே தெரிந்தவர், பழத்தை இன்றே லேசாக அழுத்திப் பிளந்து, தோல் நாடா, பெருஞ்சீரகம், மிளகாய், ஒரு கரண்டி காடி இவற்றோடு எண்ணெயில் புரட்டிக் குளிர்பெட்டியில் வைத்துவிடலாம். பூண்டு மட்டும் தனியே இருக்கட்டும். வாசலில் விருந்தாளிகளின் குரல் கேட்டபின் அதை வாணலியில் சேர்த்தால் போதும்.